மாமாவோடு கதைக்கக் கூடாத வாரம்

மாமாவோடு யாரும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்று அப்பா கட்டளையிட்ட வாரத்தில் எனக்கு ஒன்பது வயது. ‘யாரும்’ என்று அவர் பொதுவாகச் சொன்னாரே தவிர, வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அதில் ஒருவர் மாமா. இன்னொருவர் அப்பா, அவர் சாதாரண நாட்களிலேயே கதைக்காதவர். ஆக, கட்டளை முழுவதும் எனக்குத்தான்.

அம்மா இறந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் திருகோணமலையில், லிங்கநகரில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு வரும் படகில் சுக்கான் பிடிப்பார். விடியுமுன் போனால் பொழுதுபடத்தான் வருவார். என்னைத் தனியே விட முடியாதென்று, அம்மாவின் தம்பியான மாமா கந்தளாயிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து எங்களுடன் தங்கிவிட்டார்.

மாமா கந்தளாய்க் குளத்தில் படகு ஓட்டியவர். குளத்தைப் பார்க்க வருகிற உத்தியோகத்தர்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை. காற்று தோதாக இருந்தால் கட்டில் விரிப்பைப் பாயாகக் கட்டி, அவர்களைப் பயமுறுத்திக்கொண்டே அக்கரைக்குக் கொண்டுபோவாராம். அந்த வேலை எப்படிப் போனது என்று நான் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு கதை சொன்னார். ஒரு முறை முதலை வந்தது, இன்னொரு முறை யானை வந்தது. காலையில் எனக்குத் தலை பின்னும்போது தொடங்கும் கதை, பள்ளிக்கூட வாசல்வரை வரும். மத்தியானம் அதே வாசலில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அம்மா இல்லாத வீடு எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாமலிருந்தது அந்தக் கதைகளால்தான்.

அந்த வருடம் ஒரு வெள்ளைக்காரர் பாய்மரப் படகு ஒன்றில் உலகைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் துறைமுகத்தில் நின்றார். இயந்திரம் பழுதாகித் துறைமுக வாயிலில் அவர் தத்தளித்தபோது அப்பாவின் படகுதான் இழுத்துக்கொண்டு வந்தது. அவருடன் வந்த கூட்டாளி நோய்ப்பட்டு விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்குக்குப் போக அவருக்கு ஓர் ஆள் வேண்டும். இதையெல்லாம் ஒருநாள் இராச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நீ போ, தம்பி,” என்றார் கடைசியில்.

மாமா சிரித்தார். பிறகு அப்பா சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“எனக்குக் குளம்தானே அத்தான் தெரியும்.”

“குளம் தெரிஞ்சவனுக்குப் படகு தெரியும். கடலை நான் காட்டுறன்.”

“அப்ப பிள்ளை?”

“பிள்ளையை நான் பாப்பன். நீ எத்தினை காலத்துக்கு இந்தக் குசினிக்குள்ள நிண்டு புகை குடிக்கப் போறாய்? உனக்கும் ஒரு வழி வேணும்.”

என்னை யாரும் கேட்கவில்லை. நான் மரவள்ளிக்கிழங்கை உடைத்து உடைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தெரிந்தவரிடம் ஒரு பாய்ப்படகை இரவல் வாங்கினார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் ஏறினேன். எங்கள் உட்துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுற்றிவர மலையும் மரமுமாக அது ஒரு குளம் போலத்தான் கிடக்கும். அதைத் தாண்டும்வரை மாமா ராசா மாதிரி இருந்தார். “தண்ணி எண்டா எல்லாம் தண்ணிதான் அத்தான்,” என்றுகூடச் சொன்னார். துறைமுக வாயிலின் வெளிச்சவீடு பின்னால் போய், தண்ணீர் கரும் நீலமாக மாறி, படகு நீண்ட அலைகளில் ஏறி இறங்கத் தொடங்கியதும் அவருடைய கதை பாதியில் நின்றது. அவர் மலைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவை ஒவ்வொன்றாகத் தாழ்ந்துகொண்டிருந்தன. குளத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரை இருக்கும். இங்கே இருந்த ஒரேயொரு கரையும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு படகின் விளிம்பில் குப்புறக் கிடந்து காலைச் சாப்பாடு முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார்.

“கரையைத் தேடாதை,” என்றார் அப்பா. “வானமும் கடலும் சேருற இடம் தெரியுதெல்லோ, அதைப் பார். அங்கதான் நீ போக வேணும்.”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பாயின் கயிற்றை என் கையில் தந்து, அது இழுப்பது தெரிகிறதா என்று கேட்டார். “ஓம்,” என்றேன். அவருடைய முகம் வீட்டில் இருப்பது போல இல்லை; அகலமாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மாமா வாந்தி எடுக்கும்போது இவர் சந்தோஷப்படுகிறாரே என்று நினைத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீடே ஒரு படகாக மாறியது. கடலில் ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் தூங்க வேண்டும் என்பதால் மாமா துண்டு துண்டாகத் தூங்கிப் பழகினார். மணிக்கூட்டைப் பார்த்து அவரை எழுப்புவது என் வேலை. குசினியில் உருளைக்கட்டை ஒன்றின் மேல் பலகையை வைத்து, பலகையின் மேல் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, அப்பா பலகையின் நுனியைக் காலால் மிதித்து ஆட்டுவார். மாமா அதில் தேநீர் வைக்க வேண்டும். முதல் நாள் கொதிநீர் மாமா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. இரண்டாம் நாள் அப்பாவின் காலில் கொட்டியது. அன்றைக்கு மட்டும் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிக்கடல். மாமாவின் வயிறு மெல்லமெல்ல அடங்கிவந்தது. மலைகள் முழுவதும் மறைந்த பிறகும் சுக்கானை விடாமல் இருக்கப் பழகினார். ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. கதை சொல்லும் சுவாரசியத்தில் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிவிடுவார். பாய் படபடவென்று அடிக்கும்.

“உனக்கு இப்ப கடல் பயமில்லை,” என்றார் அப்பா ஒரு நாள். “கதைக்க ஆளில்லாமல் இருக்கிறதுதான் உனக்கு ஏலாது. அந்த வெள்ளைக்கார மனுசன் முழிச்சிருக்கேக்க நீ நித்திரை. நீ முழிச்சிருக்கேக்க அவர் நித்திரை. பிறகு ஆரோட கதைப்பாய்? தனிய இருந்து பழகாட்டி நடுக்கடலில மண்டை குழம்பிப்போம்.”

அப்படித்தான் அந்தக் கட்டளை வந்தது.

திங்கட்கிழமை காலை மாமா வழக்கம்போல என் தலையைப் பின்னினார். சீப்பு இழுபடும் சத்தம் கேட்டது. அவ்வளவு காலமும் சீப்புக்குச் சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம்வரை கூடவே நடந்து வந்து, வாசலில் கையை விட்டுவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் அவர் கோழிகளோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். அப்பா அதைக் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து பகல் முழுவதும் உட்துறைமுகத்தின் ஒரு மூலையில், சிறு படகொன்றில் நங்கூரம் போட்டுத் தனியே இருக்கவேண்டும் என்று தீர்ப்பானது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பக்கத்து வீட்டு மாமி கூட்டிவந்தார். அவருக்கு வழியில் கதைக்க எதுவுமிருக்கவில்லை. வெயில் என்று மட்டும் சொல்வார்.

அந்த வாரம் பார்த்துத்தான் கணக்கு ரீச்சர் கதிரை முறிந்து கீழே விழுந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிய சம்பவம் நடந்ததில்லை. சொல்லாமல் அதை வைத்திருப்பது வாய்க்குள் சூடான கிழங்கை வைத்திருப்பது போல இருந்தது. பொழுதுபட மாமா முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். நான் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சாப்பிட்டார். நான் கிணற்றடிக்குப் போய், கிணற்றுக் கட்டுக்கு மேலால் எட்டிக் குனிந்து, “ரீச்சர் விழுந்திட்டா,” என்று உள்ளே சொன்னேன். கிணறும் அதையே சொன்னது. அதற்கு மேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஒழுங்கையைத் தாண்டி மேட்டில் ஏறினால் துறைமுகம் தெரியும். பின்னேரங்களில் அங்கே போய் நின்றேன். தூரத்தில் மாமாவின் படகு ஒரு சிறிய கறுப்புப் புள்ளி. கதைக்கக் கூடாது என்றுதானே சட்டம், கை அசைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக் கையை அசைத்தேன். புள்ளி எழுந்து நின்று இரண்டு கையையும் அசைத்தது. அடுத்த நாளும் அசைத்தது. அதற்கடுத்த நாள் நான் கை வலிக்கும்வரை அசைத்தேன். பாவாடையைப் பிடித்தும் அசைத்தேன். மாமா எழும்பவில்லை. அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டி, துறைமுகத்தின் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரம் முடிந்ததும் அப்பா, “இனிக் கதைக்கலாம்,” என்றார். மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். ரீச்சர் விழுந்த கதை அதற்குள் பழசாகிவிட்டிருந்தது. மாமா என் தலையைத் தடவி, “என்ன பிள்ளை,” என்றார். அவ்வளவுதான். முதலையும் யானையும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

கச்சான் காற்று தொடங்கியதும் பயணம் என்று முடிவாகியிருந்தது. அந்தக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு கிழக்கே கொண்டுபோய்விடுமாம். போகிற நாள் காலையில் அப்பா வெள்ளைக்காரரின் படகில் ஏறி, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தார். பாயின் தையலை விரலால் தடவினார். சுக்கான் பிடியை இரண்டு பக்கமும் திருப்பினார். பார்த்து முடித்த பிறகும் அதைப் பிடித்தபடியே நின்றார். வெள்ளைக்காரர் அவரிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அப்பா தலையை ஆட்டிச் சிரித்து, இறங்குதுறையில் நின்ற என்னைக் காட்டினார். ‘அது என் மகள்’ என்று சொல்கிறார் என நினைத்து நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“போட்டு வாறன் பிள்ளை,” என்றார் மாமா. எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஒரு வாரத்திலேயே அவர் போய்விட்டிருந்தார்.

வெள்ளைப் பாய் முனையைச் சுற்றி மறைந்தது. அப்பா அதன் பிறகும் வெகுநேரம் நின்றார். மாமாவைத் துரத்தியவர் அவர்தான் என்பது எனக்கு அன்று வெகு தெளிவாகத் தெரிந்தது.

மாமா சேமமாகப் போய்ச் சேர்ந்தார். பினாங்கிலேயே வேலை கிடைத்தது, கல்யாணம் முடித்தார். அவர் திரும்பி வந்தபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது, அப்பா காலமாகியிருந்தார். வந்தவர் அப்பாவின் படத்தைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்:

“முதல்ல அவன் கேட்டது அத்தானைத்தான். நடுக்கடலில வைச்சு வெள்ளைக்காரன் சொன்னவன். பாதை முழுக்க அத்தான்தானாம் கடல் படத்தில கீறிக் குடுத்தது. வெளிக்கிடுற அண்டு காலமையும் ஒருக்காக் கேட்டுப் பாத்தவனாம். தாயில்லாத பிள்ளை, தகப்பனும் கடலில எண்டா ஏலாது எண்டிட்டாராம். எனக்கு ஒரு சொல் சொல்லயில்லை, பாத்தியே.”

அன்று மாமா பயணம் போன வாரமே அப்பா படகை விட்டுக் கரையில் பண்டகசாலை வேலைக்கு மாறியிருந்தார். அவருக்கு ஏதோ தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். தலை பின்னத் தெரியாது. கயிறு முறுக்குவது போல முறுக்கிவிடுவார். பின்னேரங்களில் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, கதைக்க முயன்றார். அவருக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான்: படகு இப்போது எங்கே போகிறது என்பது.

“இண்டைக்கு ஒரு பக்கமும் கரை இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும்,” என்பார். “காலமை எழும்பினாப் படகுத் தட்டில பறவைக்கோலா மீன் விழுந்து கிடக்கும். பொறுக்கிப் பொரிக்கலாம்.” இன்னொரு நாள், “இப்ப நல்ல காத்து. பாயைச் சுருக்கிக் கட்ட வேணும். கை எரியும்.” பிறகொரு நாள், நிக்கோபார்த் தீவுகள் வருமென்றும், தீவைக் காணுமுன் மண் மணக்குமென்றும் சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கை மேசை விளிம்பைப் பிடித்து மெல்ல அசைந்துகொண்டிருக்கும். நான் கேட்டது பாதிதான். பாதியில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவேன்.

இரண்டு கிழமைக்கு மேல் அப்படிப் போனது. ஒரு நாள் பின்னேரம் அவர் வந்து உட்கார்ந்ததும், “இண்டைக்குக் கரை தெரியும்,” என்றார்.

“மாமா இறங்கியிருப்பாரோ?” என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கேள்வி அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

“ஓம்,” என்றார். “மாமா இறங்கியிருப்பார்.”

பிறகு கையை மேசையிலிருந்து எடுத்து, எழும்பி விளக்கை அணைத்துவிட்டு, மீண்டும் அதே கதிரையில் வந்து இருந்தார். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம் அது. அதற்காகத்தான் அணைத்தார் என்று நினைத்துக்கொண்டு நானும் அவரோடு இருட்டில் பேசாமல் இருந்தேன்.