கோரை முடியில் நின்ற சடை

என் தலைமுடி கோரை முடி. வழவழவென்று இடுப்பைத் தாண்டித் தொங்கும். ஊரில் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். "இன்னா எண்ணெ வக்கிற?" என்று கேட்காத பெண் இல்லை. அந்த முடியோடு மாரடித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ரப்பர் பேண்டு நிற்காது, கிளிப்பு நிற்காது. காலையில் போட்ட பின்னல் மதியத்துக்குள் அவிழ்ந்து, தையல் மிஷினில் குனியும்போதெல்லாம் ஊசிக்குக் கீழே வந்து விழும். ஒருமுறை ஒரு கொத்து முடியை யாருடைய ஜாக்கெட் கையோடோ சேர்த்துத் தைத்தேவிட்டேன். பட்டு மாதிரி இருக்கிறது என்று யாராவது மெச்சினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காவலூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் தையல் கடை. சனிக்கிழமைகளில் பெரிய தொலைநோக்கியைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும். அப்படி வந்த ஒரு பெண் பையின் வார் அறுந்துபோய் என் கடைக்குள் நுழைந்தாள். தலை முழுக்கத் திரிதிரியாகச் சடைமுடி. டிரெட்லாக்ஸ் என்றாள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். கம்பளிக் கயிறு மாதிரி கெட்டியாக, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எனக்கு அப்போதே வேண்டும் என்று ஆகிவிட்டது. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. நாற்பதை நெருங்குகிற பெண்ணுக்கு ஆசை வருவதற்குக் காரணம் எதற்கு?

"எனக்கு சுருட்டை முடிக்கா, அதான் சீக்கிரம் புடிச்சிக்கிச்சு. உங்களுது மாதிரி நேர் முடின்னா கஷ்டம். நழுவிடும்" என்றாள். கஷ்டம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

முன்பக்கத்தை நானே செய்துகொள்ளலாம். பின்மண்டைக்கு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் காவலூருக்கும் மலைக்கிராமமான நெல்லிவாசல்நாட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். செல்போனில் வீடியோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முழுதாகப் பார்த்தார், மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

"டயர் மாத்துற கை இது. உன் மண்டை தாங்குமா?"

"தாங்கும். நீங்க ஆரம்பிங்க."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். கத்தரி நடப் பாத்தி பிரிப்பதுபோல் தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து முடிக்கும் ஒரு ரப்பர் போட்டார். பிறகு பேன் சீப்பால் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் தலைகீழாகச் சீவ வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சிக்கு எடுத்த தலையில் வேண்டுமென்றே சிக்கு ஏற்றுவது என்றால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணில் பொறி பறந்தது. சிக்கேறிய முடியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் உள்ளே இழுத்தார். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தேன். இடுப்பைத் தாண்டிய முடி முதுகோடு நின்றிருந்தது. தலையில் முள்ளம்பன்றி ஏறிய மாதிரி இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. அவரும் தன் கைவேலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவிழ ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலையணையில் ரப்பர் மட்டும் கிடக்கும். பிடரியில் இருந்த திரிகள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராகத் தொங்கும். திரும்ப ஏற்றுவோம், திரும்ப நழுவும். தலைக்குள் அரிப்பு வேறு. பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டே பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தேன்.

வெளியே வேறு ஒரு வேடிக்கை கிளம்பியது. தைத்த துணிகளைக் கொடுக்க ஒருநாள் எங்கள் ஜீப்பிலேயே நெல்லிவாசல்நாட்டுக்குப் போனேன். வழியில் புளி மூட்டையோடு ஏறிய மலைக்காரப் பெண்மணி ஒருவர் என் தலையைப் பார்த்ததும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தத் தாயி எறங்கியிருக்காம்மா?"

"தாயும் இல்ல, யாரும் இல்லீங்க. நானே வச்சிக்கினது."

"நீயே வச்சிக்கினியா? தானா வுழுந்தாலே அவனவன் பயந்து போறான். நீ கேட்டு வாங்கிக்கினியே!"

மலையில் ஒரு பெண்ணுக்குத் தானாகச் சடை விழுந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அதில் கத்தரி படக் கூடாது. அவளிடம் குறி கேட்பார்கள். நான் கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்ததைப் பார்த்தும் அந்தப் பெண்மணி நம்பவில்லை. அடுத்த வாரம் யாரோ என் மிஷின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு பழமும் கொஞ்சம் மஞ்சளும் இருந்தன. வெயிலுக்கு ஜூஸ் போட்டுக் குடித்தேன். இன்னொருத்தி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள், மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையிலிருந்து வருவான் என்று கேட்டாள். கை நீளம் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன்.

இந்தச் செய்தி மலை இறங்கி ஆலங்காயத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் என் அம்மா இருக்கிறாள். கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி வந்து கடை வாசலில் நின்றாள்.

"இன்னாடி இது? மாதா கோயில்ல பாடுற குடும்பம்டி நம்பளுது. நீ இங்க எலுமிச்சம்பழம் வாங்கிக்கினு குறி சொல்றியாமே?"

"யாரும்மா சொன்னது? பழம் அவங்களா வச்சிட்டுப் போறாங்க. நான் ஜூஸ் போட்டுக் குடிக்கிறேன்."

அம்மா என் தலையைப் பிடித்துத் திருப்பினாள். அன்றைக்கென்று பின்னால் பாதித் திரிகள் அவிழ்ந்து கிடந்தன. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அந்த முடியை அவ்வளவு நீளத்துக்கு வளர்த்தது அவள் கை.

"சாமி சடைன்னு சொல்றவன் வாயையும் அடைக்க முடியல. ஸ்டைலுன்னு சொல்லிக்கலாம்னா அதுக்கும் லாயக்கில்ல. இன்னும் மூணு மாசத்துல உன் தம்பி கல்யாணம். பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி ஒரே அக்கான்னு நீதான் நிக்கணும். அதுக்குள்ள இது ஒழுங்கா நின்னா நிக்கட்டும். இல்லன்னா பிரிச்சு, எண்ணெ வச்சு, பின்னிக்கினு வா."

"நிக்கும்."

"நிக்கலன்னா?"

"பிரிச்சிட்டு வர்றேன். அப்புறம் சாவுற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

கோபத்தில் சொல்லிவிட்டேன். அம்மா போன பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. வாக்குக் கொடுத்தால் மாற மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சடை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது. படிப்பு, கல்யாணம், கடை வைத்த இடம் என்று எல்லாவற்றிலும் நாலு பேர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இது ஒன்றுதான் யாரும் சொல்லாமல் நானாக ஆசைப்பட்டது.

வழி கடையிலேயே கிடைத்தது. மிஷினுக்கு எண்ணெய் விட்ட அன்றைக்கு நூலில் எண்ணெய் பட்டுவிட்டது. முடிச்சுப் போடப் போட வழுக்கிக்கொண்டே போனது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து வாராவாரம் தேங்காய் எண்ணெயில் ஊறிய தலை இது. அந்த வழவழப்புக்குமேல் ஷாம்பு, அதற்குமேல் வீடியோவில் யாரோ சொன்னார்கள் என்று தடவிய மெழுகு. எண்ணெயும் மெழுகும் ஊறிய முடி எந்தக் காலத்தில் சிக்குப் பிடிக்கும்? என் முட்டாள்தனத்தை நினைத்து நானே சிரித்தேன்.

சின்ன வயதில் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அம்மா அரப்புப் போட்டுத் தேய்ப்பாள். உசிலை இலையைக் காயவைத்து அரைத்த பச்சைத் தூள். எண்ணெயை ஒட்ட உறிஞ்சிவிடும். குளித்து முடித்தால் முடி தேங்காய் நார் மாதிரி முரடாகி, சீப்பே இறங்காது. அதற்காக எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! சந்தையில் அரப்புத்தூள் வாங்கி வந்து, இருந்த திரிகளையெல்லாம் பிரித்து, கரகரவென்று சத்தம் வருகிற வரைக்கும் தலையைத் தேய்த்தேன். நாள் விட்டு நாள் அதே வேலை. எண்ணெய்ப் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். தொட்டால் உள்ளங்கையில் முடி சொரசொரவென்று ஒட்டியது. அதற்குப் பிறகு மறுபடியும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இந்தத் தடவ வித்தியாசமா கீதே! சீப்பை வுட மாட்டேங்குது" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

அதற்கப்புறம் பொறுமைதான் வேலை. ஜீப் டிரிப் முடிந்து வந்து, சோறு தின்றுவிட்டு, டிவி பார்த்துக்கொண்டே தினமும் கொஞ்சம் திரிகளை ஊசியால் குத்தி இறுக்குவார். ஊசி சில நாள் என் மண்டையில் ஏறும், சில நாள் அவர் விரலில் ஏறும். ஜீப்பில் வருகிறவர்கள் அவரைக் கிண்டல் பண்ணினார்கள். "என் பொண்டாட்டி தலைய நான் பாத்துக்கிறேன், நீ சில்லறையக் குடு" என்பாராம். திரிகள் நடுவில் கெட்டிப்பட்டன. பிறகு வேர்ப்பக்கம் பிடித்தது. நுனி மட்டும் கடைசி வரைக்கும் சண்டித்தனம் பண்ணியது. அதை மடித்து உள்ளே இழுத்துவிட்டோம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சாமான் வாங்க ஆலங்காயம் போனோம். கடைத்தெரு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. தலையிலிருந்து தண்ணீர் ஊற்ற, திரிகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து துண்டால் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். ராத்திரி ஒவ்வொரு திரியாகத் தடவிப் பார்த்தோம். காயக் காய முன்னைவிட இறுகியிருந்தது, ஒன்றுகூட அவிழவில்லை. அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு சத்தமாக ஒரு விசில் அடித்தார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

கல்யாணத்தன்று திரிகளை எல்லாம் அள்ளி மேலே கொண்டை போட்டுக்கொண்டேன். கிளிப்பு இல்லை, வலை இல்லை, அதுவே தன்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. கோயில் வாசலில் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். உள்ளே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். என் தலையை அவள் ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்பதுதான் பூசை முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

விருந்தில் பிரியாணி பரிமாறுகிற நேரம். அம்மாவும் நானும் பெண் வீட்டுக்காரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் பெரியம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"ஏங்க, உங்க பொண்ணுக்கு இது சாமி சடைங்களா?"

"சாமியும் இல்ல, பூதமும் இல்லீங்க. ஆசப்பட்டு வச்சிக்கினது" என்றாள் அம்மா.

"அப்ப ஒட்டு முடியா இருக்கும். இவங்க முடி நேர் முடின்னு மாப்பிள்ள வூட்டு போட்டோவுல பாத்தேனே. அதுல எங்க இது நிக்கும்?"

அம்மா கையில் இருந்த தயிர்ப் பச்சடி வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒட்டு முடியா? எம்பொண்ணு தலையில ஒட்டு முடியா?"

என் கொண்டையை அவிழ்த்து, ஒரு திரியைக் கையில் சுற்றிப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள். என் தலை பக்கவாட்டில் போய் வந்தது.

"பாத்தீங்களா? நீங்களும் இழுங்க. சும்மா இழுங்க. வேரோட வந்தாலும் வரும், அவுழாது!"

பெரியம்மா தயங்கித் தயங்கி இழுத்தார். பக்கத்து இலையில் இருந்தவர் எழுந்து வந்து கை துடைத்துக்கொண்டு இழுத்தார். அம்மா விடவில்லை. அந்த வரிசை, அடுத்த வரிசை என்று என்னை ஒவ்வொரு பந்தியாக அழைத்துப் போனாள். "கோரை முடிங்க இது, கோரை முடி! இதுல யாரு நிக்க வைப்பா? எம்பொண்ணு வச்சிருக்கா" என்று எல்லோரிடமும் திரியை நீட்டினாள். தலை விண்ணென்று வலித்தது, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அம்மா நிறுத்துகிற மாதிரி இல்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.