டவர் காகம் தின்னாத சோறு

போன சனிக்கிழமை சப்பாத்து அலுமாரியைத் துப்புரவாக்கப் போய், பழைய லண்டன் தெருப்படப் புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. உங்களுக்கும் நினைவிருக்கும். கம்பிச் சுருள் போட்டு, எல்லாத் தெருவையும் எறும்பளவு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதுதான். கைத்தொலைபேசி வழி சொல்லத் தொடங்கும் முன்னர் எங்கள் எல்லாருக்கும் அதுதான் வழித்துணை. விரித்துப் பார்த்தேன். ஆறு வளைந்து டவர் பக்கம் போகிற தாளில் பெரிய எண்ணெய்க் கறை. தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து தெரிந்தன. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் மணந்து பார்த்து, "சப்பாத்துத்தான் மணக்குது" என்றாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது அக்காவின் சோற்றுப் பெட்டியிலிருந்து வழிந்த எண்ணெய். எனக்கு அது எப்போதும் மணக்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. நாங்கள் லண்டனின் வடக்கே எட்மண்டனில் வாடகை வீட்டில் இருந்தோம். அக்கா குடும்பம் ஜெர்மனியில். அங்கே பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் அத்தான் வானை எடுத்துக்கொண்டு, பிரான்சுக் கரையில் கலேயில் கப்பல் ஏறி, எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வான் நிறையச் சொக்கிலேற், சம்பூ, உடுப்புத் தோய்க்கிற பவுடர். லண்டனில் ஒருவரும் உடுப்புத் தோய்ப்பதில்லை என்று நினைத்தாரோ தெரியாது. திரும்பிப் போகும்போது அதே வானில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஏறும். ஒவ்வொரு முறையும் இதுதான் பண்டமாற்று.

பிள்ளைகள் சேர்ந்தால்தான் வேடிக்கை. என் மகள் கௌரிக்கு ஜெர்மன் தெரியாது. அக்காவின் மகன் சயந்தனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான். வீட்டில் நாங்கள் மன்றாடிக் கேட்டும் பேசாத தமிழை அந்த இரண்டும் படிக்கட்டில் இருந்து சண்டை பிடிப்பதற்காகப் பேசின. சண்டையென்றாலும் கேட்க இனிமையாக இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் லண்டன் பார்ப்பது என்று அத்தான் தீர்மானித்துவிட்டார். வழிகாட்டி நான். என் லட்சணத்தைக் கேளுங்கள். லண்டனுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் எனக்குத் தெரிந்தது மூன்று பாதைதான். வீட்டிலிருந்து பெற்றோல் நிலையத்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு, வெள்ளிக்கிழமையில் கோயிலுக்கு. அரண்மனையை நான் பார்த்தது பிஸ்கட் பேணி மூடியில். படித்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஜெர்மனியிலிருந்து வந்த அத்தானிடம் தெரியாது என்று சொல்ல மனம் வருமா?

ஆனால் அந்தச் சனி வெறும் சனியில்லை. புரட்டாசிக் கடைசிச் சனி. அக்காவுக்கு விரதம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புரட்டாசிச் சனியில் எள்ளெண்ணெய் விளக்கெரித்து, மரக்கறிச் சமையல் செய்து, முதல் பிடி சோற்றை நல்லெண்ணெய் விட்டுக் காகத்துக்கு வைப்போம். காகம் சனீஸ்வரனின் வாகனம். அது தின்ற பிறகுதான் விரதகாரர் வாயில் தண்ணீர் தவிர வேறு எதுவும் வைக்கலாம். இது உயிரோடு இருக்கிறவருக்காகச் செய்வது. கிரகம் பிழையாக இருக்கிறது, அவரை வருத்தாதே என்று கேட்பது. செத்தவர்களுக்குக் காகத்துக்கு வைப்பது வேறு. அது திவசத்திலும் ஆடி அமாவாசையிலும். காகமும் அதேதான், சோறும் அதேதான். ஆரை நினைத்து வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்கா விரதம் பிடித்தது எங்கள் கடைசித் தம்பி குகனுக்காக. ஊரில் சண்டைக் காலத்தில் அவன் கரையிலிருந்து படகேறி இந்தியாவுக்குப் போனான். படகு அங்கே போய்ச் சேரவில்லை. ஒரு உடலும் கரை ஒதுங்கவில்லை. பிறகு ஆரோ அவனை ஒரு அகதி முகாமில் கண்டதாக ஒரு கதை வந்தது. அவன் சாதகத்தைப் பார்த்தவர், ஏழரைச் சனி நடக்கிறது, ஆயுசுக்குக் குறைவில்லை என்றார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆடி அமாவாசைக்குக் கோயிலில் நான் அப்பாவின் பேரைச் சொல்லும்போது, வேறு பேர் இருக்கிறதா என்று ஐயர் கேட்பார். இல்லை ஐயா என்பேன். சொன்னால் அக்காவின் முகத்தில் விழிக்க முடியுமா?

ஜெர்மனியில் அக்காவுக்கு மாடி வீடு. பல்கனியில் சோறு வைத்தால் பறவை வந்து அசுத்தம் செய்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு. அதனால் என்னையும் வைக்கச் சொல்வாள். ஒவ்வொரு சனியும் ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, அந்த நீண்ட இலக்கத்தை அழுத்தி எடுப்பாள். சுகம் கேட்பதற்கு முன்னமே கேட்பாள்: "காகம் வந்ததோ?"

வந்தது என்றுதான் சொல்வேன். சில வேளை வந்தது. அந்தப் புரட்டாசியில் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவள் வீட்டிலும் வரவில்லை, எங்கள் வீட்டிலும் ஒரு காகம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசிச் சனியும் தவறினால், குகன் இல்லை என்று கடவுள் சொல்கிறார் என்று அர்த்தம். அப்படி அக்கா வாய் திறந்து சொல்லவில்லை. அன்று எங்கள் மதிலில் சோற்றை வைத்துவிட்டு அவள் நின்ற நிலையில் எனக்கு விளங்கியது.

அன்று காலை அந்தச் சோற்றைத் தின்றது ஒரு அணில். நல்ல கொழுத்த சாம்பல் அணில். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சாள், அதுவும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள். அக்காவும் சிரித்தாள். ஆனால் சாப்பிட மறுத்துவிட்டாள். அவளுக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றோடு ஊர் சுற்றக் கூடாது என்று அத்தான் கெஞ்சிப் பார்த்தார். அக்கா காகத்துக்கென்று ஒரு பிடி சோற்றை வேறாகப் பெட்டியில் போட்டு, எண்ணெய் விட்டு, வாழையிலைத் துண்டொன்றும் மடித்து வைத்தாள். லண்டன் பெரிய இடம்தானே, எங்கேயாவது ஒரு காகம் இருக்கும் என்றாள்.

முதலில் வெஸ்ட்மின்ஸ்டர். பிறகு பெரிய தூண் நிற்கிற சதுக்கம். வழியெல்லாம் சிலைகள். குதிரையில் இருந்தால் ராசா, தரையில் நின்றால் மந்திரி என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். அத்தான் பயபக்தியோடு படம் எடுத்தார். கௌரி கீழே எழுதியிருந்ததை வாசித்து, "அப்பா, இவர் ராசா இல்லை, ஜெனரல்" என்று மானத்தை வாங்கினாள். "குதிரை ராசாவின்ரதானே?" என்று அத்தான்தான் என்னைக் காப்பாற்றினார். எனக்கு மட்டும் ஒரு குறை. இவ்வளவு பெரிய ஆட்கள். ஒருவருக்கும் ஒரு பூ இல்லை, ஒரு விளக்கில்லை. மழையில் நனைந்துகொண்டு சும்மா நிற்கிறார்கள். ஒரு சிலையைப் பழக்கதோஷத்தில் வலமாகச் சுற்றிவிட்டேன். மனைவி கண்டுவிட்டாள். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

சதுக்கத்தில் புறாக்கள் பெட்டியின் மணம் பிடித்து அக்காவைச் சூழ்ந்துகொண்டன. அவள் பெட்டியைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடிவந்தாள். புறாவுக்கு வைத்தால் புண்ணியம்தானே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அங்கிருந்து ஆற்றங்கரையில் நிற்கிற பழைய கோட்டை, டவருக்கு, சிவப்பு பஸ். பின்னால் கதவே இல்லாமல், ஓடி ஏறி ஓடி இறங்கலாம் என்றிருந்ததே, அந்த பஸ். அத்தானுக்கு அதைக் கண்டதும் பழைய வயது வந்துவிட்டது. மிதிபலகையில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு வந்தார். கண்டக்டர் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார்.

டவருக்குள் ஏன் போனோம் என்றால், அங்கே காகம் இருக்கிறது என்று கௌரி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். உண்மைதான். புல்வெளியில் அவை நடந்து வந்ததைப் பார்த்து நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். காகமா அவை? கோழியளவு. கறுப்பென்றால் எண்ணெய்க் கறுப்பு. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. சனீஸ்வரனே சபையோடு வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். இலையை விரித்து, சோற்றை எடுத்து, வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

நீலச் சீருடையும் பெரிய தொப்பியும் போட்ட காவலாளி ஒருவர் விரைவாக நடந்து வந்தார். கோபமில்லை, நல்ல மனிசன். அவை கையைக் கொத்திவிடும், சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றார். இது எங்கள் சமயம், ஒரு வாய் போதும் என்று எனக்குத் தெரிந்த பெற்றோல் நிலையத்து இங்கிலீஷில் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, இவற்றின் சாப்பாடு பச்சை இறைச்சியும் இரத்தத்தில் ஊறவைத்த பிஸ்கட்டும்தான் என்றார். கௌரி அதை அப்படியே தமிழில் சொன்னாள். அக்கா கையை இழுத்த வேகத்தில் பெட்டி சரிந்து, எண்ணெய் என் பைக்குள் இருந்த தெருப்படப் புத்தகத்தில் ஊற்றியது. கறையின் கதை இதுதான்.

"மச்சம் தின்னிற காகமே இதுகள்?" என்று அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"கவுண்மேந்து உத்தியோகக் காகங்கள். எங்கட பருப்புச் சோறு தின்னுமே?" என்றார் அத்தான்.

இவை பறந்து போனால் ராச்சியமே விழுந்துவிடும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கையாம். அதனால் சிறகை அளவாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் காவலாளி சொன்னார். அக்கா அந்தக் காகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பறக்கேலாத காகம் சனீஸ்வரனை எங்கை கொண்டுபோறது," என்றாள்.

வெளியே வந்து தெருவைக் கடந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் ஒரு தோட்டம். படியிறங்கிப் போய் வாங்கொன்றில் இருத்தினோம். முகம் வெளிறியிருந்தது. மனைவி தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். சீனி போட்டதென்று அக்கா வாங்கவில்லை. "காகம் திண்டாப் பிறகு" என்றாள். அத்தானின் பகிடியெல்லாம் அப்போது எங்கே போனதோ தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் அதை வெறும் பூங்கா என்றுதான் நினைத்தேன். சுற்றவரச் சுவர், சுவர் முழுவதும் வெண்கலத் தகடு, தகடு முழுவதும் பேர்கள். பிள்ளைகள் ஓடியோடி வாசித்தார்கள். கௌரி வந்து, யுத்தத்தில் கப்பல் கடலில் தாண்டு மூழ்கிச் செத்த ஆட்களின் பேர்கள் என்றாள். சயந்தன் அதைத் தாய்க்குச் சொல்லத் தமிழ் தேடினான். "அம்மா, இவையை ஒருத்தரும் எடுக்கேல்லையாம். கடல்தான் இவையின்ர கல்லறையாம்."

நான் அவனை வாயைப் பொத்தச் சொல்லச் சைகை காட்டினேன். பிந்திவிட்டது. அக்கா எழும்பிவிட்டாள்.

சுவர் ஓரமாகப் போய், தகட்டில் கையை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு நடந்தாள். இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்க வராது. ஆனாலும் ஒரு பேரையும் விடவில்லை. கடைசியில் நின்று, சப்பாத்தைக் கழற்றினாள். அதைக் கண்டு நாங்களும் கழற்றினோம். கோயில் வாசல் மாதிரி ஆறு சோடிச் சப்பாத்து வரிசையாகப் படியில். போகிற வருகிற சனம் பார்த்துக்கொண்டு போனது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்துத் தானும் தொப்பியைக் கழற்றியதை நான் மறக்கவில்லை.

அக்கா புல்லில் வாழையிலையை விரித்து, மிஞ்சிய சோற்றை வைத்தாள். கண்ணை மூடி, குகன் என்று அவன் பேரைச் சொன்னாள். இவ்வளவு வருடத்தில் சனிக்கிழமைகளில் அவள் அந்தப் பேரை அப்படி மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தான் மரத்தைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டார். லண்டன் நடுவில், முழுக் குரலில், வெட்கமே இல்லாமல். பிறகு நானும் கூப்பிட்டேன். பிள்ளைகளும் கூப்பிட்டார்கள்.

வந்தது. மெலிந்த, செட்டை கலைந்த, ஒருவரும் வளர்க்காத காகம். சுற்றிப் பார்த்தது. தத்தி வந்து, ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய்.

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அக்காவிடம் போய், இனி யோசியாதே, அவனுக்குச் சனி விட்டுது என்று சொன்னேன். ஆறுதலுக்குத்தான்.

"இல்லை ராசா," என்றாள். "இண்டைக்கு நான் சனீஸ்வரனுக்கெண்டு வைக்கேல்லை. அவனுக்கெண்டு வைச்சனான்."

அவள் அழவில்லை. தேசிக்காய்த் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள். பிறகு வாங்கில் வெறுங்காலோடு இருந்து, கட்டிக்கொண்டு போன சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் எல்லாருக்கும் குழைத்துக் கையில் கையில் தந்தாள். அத்தான் மூன்றாம் உருண்டைக்குக் கை நீட்டியபோது, "காகம் பரவாயில்லை" என்று அடித்தாள். அந்த நாளின் பெரிய சிரிப்பு அதுதான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு ஐயர் வழக்கம்போல, வேறு பேர் இருக்கிறதா என்று கேட்டார். சொன்னேன். முருகன் அருளால் பேர் தெளிவாகத்தான் வந்தது.

இப்போது தெருப்படப் புத்தகம் வாங்குவாரில்லை. மிதிபலகை பஸ்ஸைக் கண்டு கனகாலம். சதுக்கத்துப் புறாக்களையும் துரத்திவிட்டார்களாம். ரெலிபோன் கார்ட் என்றால் பேரப்பிள்ளைகள் என்னவென்று கேட்கிறார்கள். அக்கா இப்போது காசில்லாமல், முகம் தெரிய, தினமும் கதைக்கிறாள். என் பிறஷர், முழங்கால் நோ, காலையில் என்ன சாப்பிட்டேன் என்பது வரை ஒன்றையும் விடாமல் விசாரிக்கிறாள். போன சனியும் எடுத்தாள். எங்கள் மதிலில் அப்போது ஒரு காகம் வந்து இருந்தது. போனைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். நல்ல கொழுத்த காகம் என்றாள்.

வந்ததோ என்று மட்டும் அவள் கேட்பதில்லை.