பேசாலையில் சாவதற்கு ஒரு ஆள்

உப்புக்குளத்தைத் தாண்டும்போதுதான் விடிந்தது. முருங்கன் நெல்லு மில்லில் மூட்டை சுமந்தது போதுமென்று முந்தின நாளே புறப்பட்டிருந்தேன். பேசாலையில் கருவாடு காயவைக்க ஆள் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பித் தலைமன்னார் வீதியில் நடந்தேன்.

பேசாலைக் கடற்கரையில் பிணங்கள் கிடந்தன. கொழும்பிலிருந்து வந்தவர்கள் யுத்தப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சுடுகிறவர்களின் உடுப்பில் ஒரு சின்னமும் இல்லை. செத்துக் கிடந்தவர்கள் ஊர் மீனவர்கள். முகமெல்லாம் சிவப்புச் சாயம்.

ஒருவர் தலையைத் தூக்கி இயக்குநரிடம் கேட்டார்: "ஐயா, எங்களைச் சுடுறது ஆர்?"

"அது தேவையில்லை. இதில அரசியல் இல்லை. மனிசரின்ர துயரம் மட்டும்தான்."

"ஆரெண்டு தெரிஞ்சால் எந்தப் பக்கம் ஓடுறதெண்டாவது தெரியும்."

மற்றப் பிணங்கள் சிரித்தன.

கமெரா ஓடத் தொடங்கியபோது கோயில் மணி அடித்தது. மத்தியானச் செப மணி. பிணங்கள் அத்தனையும் கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொண்டன. கேள்வி கேட்டவருக்கு வலக்கை தூக்க வராது போலும், இடக்கையால் போட்டார். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

அப்போதுதான் சோத்துப் பார்சலோடு வந்து என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குத் தன் கணவரை அடையாளம் காண அந்த இடக்கை போதுமாயிருந்தது.

"இஞ்சேருங்கோ! சாமான் தூக்கிற வேலையெண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

"இஞ்சேர், இது சும்மா படமப்பா."

"கடலுக்குப் போன உங்களைச் சண்டைக்குள்ள காணேல்லையெண்டு பூசையும் குடுத்து, கறுப்பும் உடுத்தி, அழுது முடிச்சாப்பிறகு வந்து நிண்டனீங்கள். இன்னொருக்கா உங்களை அப்பிடிக் கிடத்திப் பாக்க என்னால ஏலாது."

அவர் எழும்பி மணலைத் தட்டினார்.

"நாளைக்கு இந்த இடத்துக்கு ஆள் வேணுமே," என்றார் இயக்குநர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு இஞ்ச ஆரும் இருக்கினமோ?"

"இல்லையக்கா."

"அப்ப நீங்கள் கிடவுங்கோவன். பாத்து அழ ஆளில்லைத்தானே."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். பார்சலை என் கையில் வைத்தார். சோறும் சுறாக் கறியும். கணவர் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு அவர்களுடைய வலைக்கொட்டிலில் படுத்தேன். மறுநாள் காலை அவருடைய சாரத்தைக் கட்டி, அவர் கிடந்த இடத்தில் செத்துக் கிடந்தேன். அக்கா கரையில் நின்று சத்தம் போட்டார்:

"தம்பி, முகத்தை மற்றப் பக்கம் திருப்புங்கோ. வெயில் கண்ணில குத்தும்."