கேட்டருகே நிறுத்திய ஈய மனிதர்

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு, காஜா பேராங்கில் ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் மாதிரி ரயில் சங்கம் மூன்று நாள் கண்காட்சி வைத்தது. மலாக்காவில் அப்போது ரயிலே கிடையாது. தம்பினிலிருந்து டவுன் வரை கிடந்த தண்டவாளத்தை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் பெயர்த்து, சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தான். லைனில் வேலை செய்த ஆட்களையும் கூடவே கொண்டுபோனான். அவர்களில் கேட்டுக்காரரான என் அப்பாவும் ஒருவர். கொண்டுபோனபோது எனக்கு நான்கு வயது. அவர் திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம்கூட இல்லை.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் சங்கத்துக்கு விட்டுப்போனவை ஓர் இன்ஜின், நான்கு பெட்டிகள், ஒரு டப்பா நிறைய ஈய மனிதர்கள். அவற்றை வைத்துப் பழைய மலாக்கா லைனையே செய்வோம் என்று முடிவானது. மற்றவர்கள் ஸ்டேஷனையும் பாலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மாட்டு வண்டிகள் போகும் சடக்கை ரயில் கடக்கும் இடத்துக் கேட்டு எனக்கு வேண்டும் என்றேன்.

அப்பாவைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரே நினைவு. யாரோ என்னை இடுப்பில் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பச்சைக் கொடி பிடித்த கை. ரயில் போகும்போது முகத்தில் அடிக்கும் அனல். ஆபீஸில் எழுதுகிற வேலைக்கு வந்த பிறகும் அதையே பத்திரமாக வைத்திருந்தேன். அம்மாவிடம் மேற்கொண்டு கேட்டால், "போனவங்கள ஏன்டா கெளறுற, சோத்தத் தின்னு" என்பார்.

ஈயப் போர்ட்டர் ஒருவனுக்குக் காப்பி நிறம் பூசி, கையில் பச்சைக் காகிதம் ஒட்டி, கேட்டருகே நிறுத்தினேன். பார்த்தால் அம்மா பேசுவார் என்று நம்பினேன்.

இரண்டாம் நாள் அம்மா வேலை முடிந்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். கூட்டம் அதிகம். சங்கத் தலைவரான சீன வாத்தியார், "மாரி, மாரி" என்று மலாயில் வரச் சொல்லி அவரை முன்னால் நிறுத்தினார். நான் ரயிலை விட்டதும் அம்மா சத்தம் போட்டார்:

"என்னாடா இது! ரயிலு வருது, கேட்டு தொறந்து கெடக்கு? மாட்டு வண்டிக்காரன் செத்தான் போ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கேட்டைத் திறந்த நிலையில் பசை போட்டு ஒட்டியிருந்தேன். ரயிலை நிறுத்தி, பிளேடால் பசையை அறுத்துக் கொடுத்தேன். அம்மா ஒற்றை விரலால் கேட்டைச் சாத்தினார். "ம், இப்ப விடு."

ரயில் போனதும் குனிந்து பார்த்தார்.

"இது யாரு, வெள்ளக்காரன் மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு?"

"அப்பாதாம்மா."

"ஒங்கப்பா என்னிக்குடா பகல்ல கேட்டுல நின்னாரு?"

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு, பச்சக் கொடி புடிச்சு…"

"அது நான்டா."

நான் கையில் பிடித்திருந்த சுவிட்சைப் பார்த்தேன்.

"கேட்டு வேல அவரு பேருலதான். ஆனா லைனுல ஆள் பத்தலன்னு வேல வாங்குற மண்டோர் விடியமுன்னயே அவரக் கூட்டிட்டுப் போயிருவாரு. ரயிலு வார நேரத்துல நீ அழுவ. ஒன்னைய ஒரு பக்கம், கொடிய ஒரு பக்கம் வச்சுக்கிட்டு நின்னது நான்."

வாத்தியார் அடுத்த ஓட்டத்துக்குச் சைகை காட்டினார். ரயிலை விட்டேன். அம்மா மறக்காமல் கேட்டைச் சாத்தினார்.

"அப்ப எனக்கு அப்பாவப் பத்தி ஒன்னுமே ஞாபகம் இல்லியாம்மா?"

"எப்புடிடா இருக்கும்? அவரு போறப்பயும் தூங்குவ, வாரப்பயும் தூங்குவ." கேட்டைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "வந்தொடன ஒன் காலப் புடிச்சு, பாதத்துல ஒட்டுன மண்ணத் தட்டிவிடுவாரு. நீ ஒதப்ப. 'தூக்கத்துலயும் அய்யாவுக்குக் கோவத்தப் பாரு'ம்பாரு."

அப்பா பேசியதாக நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. என்னைப் பார்த்துச் சொன்னவைதான், தூக்கத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஈய மனிதரைப் பெயர்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கிளேபாங்கிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒருவர், மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நேத்து வந்தவங்க கேட்டுக்காரரு ஒருத்தரு நின்னாருன்னாங்களே, காணோம்?"

"லைனுக்குப் போயிருக்காருண்ணே. பொழுது சாஞ்சா வந்துருவாரு."

அவர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார். அன்று கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னேன்.