ஆறப்போட்ட சாமைக்காட்டில் நட்ட கன்றுகள்

என்ன மக்களே, எல்லோரும் சௌக்கியமா? உங்கள் பக்கம் மழை உண்டா? வத்தல்மலையில் நேற்று முன்தினம் நல்ல மழை. அதனால்தான் ஓடி வந்தேன். இங்கே சாமை விதைக்கும் என் சிநேகிதர் சின்னையன், "ஈரம் காயறதுக்குள்ள வாண்ணா, எனக்கு ஒண்ணும் புரியல" என்று போன் செய்தார்.

இண்டூரிலிருந்து தருமபுரி வந்து, காலை பஸ்ஸில் ஏறினேன். மலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டும். தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டிய காலத்தில் ஒருநாளும் குமட்டியதில்லை. ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருந்தால்தான் இந்தத் தொல்லை. அது கிடக்கட்டும்.

மலைக்காரர்கள் சாமை எடுத்த நிலத்தை இரண்டு மூன்று வருஷம் ஆறப்போடுவார்கள். புல் முளைக்கும், ஆடு மேயும், மண் தெம்பாகும். பிறகுதான் உழுவார்கள். மரம் வளர்த்து, அது காற்றிலிருந்து இழுக்கும் கரிப்புகையைக் கணக்காக்கி வெளிநாட்டு ஆலைகளுக்கு விற்கும் ஒரு கம்பெனி, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, சின்னையன் நிலத்தைத் தரிசு என்று முடிவு கட்டிவிட்டது. ஊர்ச் சங்கத்தில் கையெழுத்து வாங்கி, அவர் கர்நாடகாவுக்குக் கூலிக்குப் போயிருந்த நேரத்தில் கன்றுகளையும் நட்டுவிட்டது.

இப்போது உழலாமா? வனத்துறையில் கேட்டால், பட்டா நிலம், ரெவின்யூவில் கேள் என்கிறார்கள். ரெவின்யூவில், மரம் வந்துவிட்டதே, வனத்துறையைக் கேள் என்கிறார்கள். சங்கத்துக்காரர் கம்பெனியைக் கைகாட்டுகிறார்.

நான் போனபோது கம்பெனி சூப்பர்வைசர் நிலத்தில் நின்று சின்னையன் மனைவி மாதம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு கன்னு செத்தாலும் மேல கேப்பாங்கக்கா."

மாதம்மாள் விடவில்லை. "கன்னு செத்தா கேக்க ஆளிருக்குது. எங்க வூட்ல ஒல வைக்கலன்னா எவங்க கேப்பாங்க? எங்கியோ எவனோ பொகை வுடறதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுங்களா?"

"எனக்கு அதிகாரம் இல்லக்கா."

"யாருக்குத்தான் இருக்குது? பேரச் சொல்லுங்க, நடந்தே போறேன்."

அவருக்குப் பெயர் தெரியவில்லை. மெயில் போட்டுக் கேட்பதாகச் சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

காற்று நிற்கவே இல்லை. காலையில் கையில் உருண்ட மண் இப்போது உதிர்கிறது. உட்கார முடியாமல் வரப்பில் நடந்தபடியே இதை எழுதுகிறேன்.

வர நினைப்பவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் ஏறும்போதே கேளுங்கள். இன்னொன்று, வண்டி நிறுத்தும் இடம்...

"அண்ணா! ஏரு பூட்டியாச்சு! முன்னால வந்து கன்ன வெலக்கிப் புடிண்ணா, மாடு மிதிச்சிரும்!"

இதோ, சின்னையன் கூப்பிடுகிறார். சொல்ல வந்தது இதுதான்: வெறும் புல் முளைத்துக் கிடக்கிற நிலத்தைப் பார்த்தால், சும்மாதானே இருக்கிறது என்று நீங்களாக முடிவு பண்ணாமல், முதலில் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு...