ரப்சர் சோதனை

நேற்று ஏறிய ஆட்டோவில் மழையில் நனைந்த ரெக்ஸின் சீட்டின் வாசனை அடித்ததுமே, இன்று மயிலாப்பூரில் தேடினாலும் கிடைக்காத பள்ளிக்கூட சைக்கிள் ரிக்‌ஷாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் தொங்கி ஆட, சங்கிலி கிறீச்சிட, அதை மிதித்துப் போகும் கன்னியப்பன் அண்ணன் வாயிலிருந்து எங்கள் வீட்டில் இல்லாத சொற்களாக வந்து விழும். அவற்றில் 'ரப்சர்' எனக்கு ரொம்பப் பிடித்தது. அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் நம்மாத்துல பேசப்படாது" என்றாள் அம்மா.

தொந்தரவு என்றுதான் இருக்கும் என்றாள் என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா. தொந்தரவு கொடுத்தால் அண்ணன் வாயில் அந்தச் சொல் வருகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன், திரும்பாமல் மிதித்துக்கொண்டே போனார். ஸ்டெல்லா காலை வெளியே நீட்டி ஆட்டினாள், முறைத்தார், அவ்வளவுதான். கச்சேரி ரோடு முனையில் எட்டுப் பேரும் சேர்ந்து வண்டியையே ஆட்டியபோது பிரேக் பிடித்து இறங்கினார். வீட்டில் சொல்லிவிடுவாரோ என்று ஸ்டெல்லா பக்கம் ஒண்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு பாப்பா இப்டி ரப்சர் பண்ணிக்கினு கீறீங்க?"

எட்டுப் பேரும் கைதட்டினோம். திட்டு வாங்கிக் கைதட்டும் பிள்ளைகளை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? திறந்த வாயோடு நின்றார்.

மறுநாள் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். அதே முனை வந்ததும் அவர் மிதிப்பதை நிறுத்தினார். "ரப்சர் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பி எங்கள் கைகளைப் பார்த்தார்.