இரட்சிக்கப்பட்ட தேதி

முகம் கழுவியதும் கன்னம், கழுத்து, காது மடல் வரை துண்டால் ஒற்றி எடுப்பாள். நெற்றியை மட்டும் விட்டுவிடுவாள். அங்கே ஈரவிரலை ஒரு கணம் வைத்து எடுப்பாள். அந்த ஈரம் தானாகத்தான் காய வேண்டும்.

லுத்தரன் திருச்சபைக் குடும்பத்துப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் விழுந்த ஞானஸ்நானத் தண்ணீரைத் தினமும் நினைத்துக்கொள்ள அவள் அப்பா பழக்கியது அது. "துண்டுக்கும் அந்த இடத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கணவன் கேலி செய்வான்.

மாமனாருக்கு அது கேலி விஷயம் இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், சுவிசேஷ சபை ஒன்றில் மூப்பர். அந்தச் சபையில் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது; ஆளுக்கொரு மனந்திரும்பிய நாள் உண்டு, அதுதான் இரட்சிக்கப்பட்ட தேதி. தன்னுடையதை அவர் வண்டி நம்பர் மாதிரி ஒப்பிப்பார்.

"நீ இரட்சிக்கப்பட்டது எந்தத் தேதிம்மா?"

"ஞானஸ்நானம் வாங்கின அன்னைக்கு, மாமா."

"அப்ப உனக்கு வயசு?"

"மூணு வாரம். நல்லாத் தூங்கிட்டு இருந்தேனாம்."

"தூங்குறவனுக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வரும் ஞாயிறு சபைத் தொட்டியில் முழுகி அவள் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்று அவர் நாள் குறித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. எடுத்தால் வீடு அமைதியாகும். ஆனால் முதலில் விழுந்தது வெறும் குழாய்த் தண்ணீர் என்று அவளே சொன்னதாகிவிடும். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அதே யோசனை. இரண்டு லென்ஸ் வீணாகிப் போயின.

வெள்ளிக்கிழமை மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். அத்தையும் கணவனும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம், அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஜெபம் பண்றேம்மா. உள்ள ஒண்ணுமே தோணலை. காலியா இருக்கு. அன்னைக்கு நான் மனந்திரும்பினது நெசந்தானா? அந்தத் தேதி வந்து..." நிறுத்திக்கொண்டார்.

"மாமா, புதுசா ஓட்ட வர்றவங்களை என்ன சொல்லித் திட்டுவீங்க?"

"மீட்டரையே பாக்காதடா, ரோட்டைப் பாருன்னு."

"இப்ப நீங்க மீட்டரைத்தான் பாத்துட்டு இருக்கீங்க. இயேசு உங்களுக்காக மரிச்சது உங்களுக்குள்ளயா நடந்துச்சு? வெளியில நடந்தது மாமா. உங்களுக்குத் தோணலைங்கறதுக்காக அது நடக்காமப் போயிடுமா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். பிடித்த கையை ஸ்ட்ரெச்சர் நகரும்வரை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்துத் தண்ணீர் கேட்பார் என்று அத்தை டம்ளரோடு நின்றாள். அவரோ, "ஞாயித்துக்கிழமை தொட்டியில தண்ணி நிரப்ப வேணாம்னு பாஸ்டருக்குப் போன் போடு" என்றார். மருமகளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வராந்தாவுக்குப் போய் நன்றாக ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள்.

அவர் சபை மாறவில்லை. "உங்க லுத்தரன் பாட்டெல்லாம் முதல் கியரைத் தாண்டவே தாண்டாதா?" என்று இப்போதும் சீண்டுவார். தேதி மட்டும் கேட்பதில்லை.

மாதங்கள் கழித்து, துணி மடிக்கும்போது அத்தைதான் சொன்னாள்: "அவர் ஒப்பிக்கற தேதி இருக்கே, அது அவர் லைசென்ஸ் வாங்கின தேதி. சபையில முதல்தடவை எழுப்பி நிறுத்தித் தேதி கேட்டாங்களா, மனுஷனுக்கு வேற எதுவும் ஞாபகத்துக்கு வரலை."